மட்டையில் பூவும் பூச்சாடியும்: செய்முறையும் கணக்கும்

எமது கிராமங்களில் விழா என்றதும் முதலில் தேடப்படுவது கடதாசியும் பசையுமே. ஆலயத் திருவிழாவின் வளைவுகள், பாடசாலைப் பரிசளிப்பு மேடை, வாணி விழா, நத்தார்க் குடில், வெசாக் கூடு என எல்லாவற்றிலும் கடதாசி வேலைக்கு நீண்ட பழக்கம் உண்டு. இடையில் பிளாஸ்ரிக் பூக்கள் மலிவாக வந்து சேர்ந்தன. அவை வாடுவதில்லை, உக்குவதுமில்லை. விழா முடிந்த பின் வேலியோரத்திலும் வாய்க்காலிலும் கிடப்பவற்றை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலங்கையில் ஒருமுறை பாவித்து எறியும் பல பிளாஸ்ரிக் பொருட்கள் தடை செய்யப்பட்டன. உறிஞ்சு குழாய், கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு ஆகியவற்றுடன் பிளாஸ்ரிக் பூமாலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடதாசிப் பூவுக்கு இது ஒரு வாய்ப்பு.

ஆனால் வாய்ப்பு வருமானமாக மாறுவதற்கு இரண்டு காரியங்கள் வேண்டும். ஒன்று, அளவோடு வெட்டிச் சேதமின்றிச் செய்யும் பழக்கம். மற்றது, செலவிட்ட நேரத்துக்கும் சேர்த்து விலை போடும் துணிவு. கைப்பணி செய்யும் தாய்மாரும் யுவதிகளும் முதலாவதை விரைவில் கற்றுக் கொள்கின்றனர். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டு விடுகின்றனர். ஆகவே இப்பாடத்தில் செய்முறையையும் கணக்கையும் சேர்த்தே தருகிறோம். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு இரண்டு பிற்பகல்களில் இதனைச் செய்து பழகலாம்.

1. மட்டையை அறிந்து கொள்வோம்

பூவுக்கும் சாடிக்கும் ஏற்றது, நாம் பிறிஸ்டல் மட்டை என வாங்கும் வகையே. கடதாசியின் தடிப்பைக் கடைகளில் ‘ஜீ.எஸ்.எம்.’ என்று சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் கடதாசி எத்தனை கிராம் நிறை என்பதே இதன் பொருள். பிரதி எடுக்கும் சாதாரணக் கடதாசி 80 கிராம். எமது வேலைக்கு 160 முதல் 200 கிராம் வரையான மட்டை போதும். அதைவிடத் தடித்தால் இதழ் வளையாது, வெடிக்கும். மெலிந்தால் சாடி நிற்காது.

ஏ4 அளவுத் தாள்கள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். எனவே ஏ4 தாள் ஒன்று 10 கிராம் நிறுத்தால் அது 160 கிராம் வகை. கடையில் எழுதியிராத மட்டையின் வகையை இவ்வாறு தராசில் அறியலாம். ஒரு தாளை நிறுக்க முடியாவிட்டால் பத்துத் தாள்களைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுக்கவும்.

மரத்துக்கு நார் ஓடுவது போல மட்டைக்கும் நார் உண்டு. ஆலையில் கடதாசி ஓடும் திசையிலேயே நார்களும் அதிகமாகப் படிகின்றன. மட்டையை ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். இலகுவாக வளையும்போது உண்டாகும் வளைவின் முதுகு எந்தத் திசையில் கிடக்கிறதோ அதுவே நாரின் திசை. அத்திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறும். சாடியின் மடிப்புகள் நாரோடு செல்லும்படியும் இதழின் சுருள் நாரோடு உருளும்படியும் பார்த்து வெட்ட வேண்டும். ஏ4 ஆக வெட்டி விற்கப்படும் மட்டைகளில் நார் பெரும்பாலும் நீளப் பக்கமாக ஓடும். சாடிக்கு அகலப் பக்கமாக ஓடுவதே நல்லது. ஆதலால் சாடிக்குப் பெரிய தாளை வாங்கித் திசை பார்த்து வெட்டிக் கொள்வது சிறந்தது.

மட்டை எமக்குக் கடல் கடந்து வரும் பொருள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கடதாசி இல்லாமற் போய், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அவ்வாறான காலத்திலும் தொழில் நிற்காதிருக்க, வீட்டில் வீணாகும் மட்டையைச் சேர்க்கப் பழக வேண்டும். பழைய கலண்டர், சவர்க்காரப் பெட்டி, சேட்டுப் பெட்டி என்பன நல்ல மட்டைகள். எல்லாவற்றிலும் சிறந்தது கலியாண அழைப்பிதழ். தடிப்பும் நிறமும் பளபளப்பும் அதில் ஒருங்கே உண்டு. எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி பாவித்தால் அது பழைய மட்டை என எவரும் அறியார்.

2. தேவையான பொருட்கள்

ஒரு சாடியும் ஆறு பூக்களும் செய்வதற்கு:

• சாடிக்கு ஏ4 அளவு மட்டை 1
• பூவுக்கு விரும்பிய நிற ஏ4 மட்டை 1
• இலைக்குப் பச்சை மட்டை பாதி
• தண்டுக்குத் தென்னை ஈர்க்கு 6
• தண்டில் சுற்றப் பச்சைக் கிறேப் கடதாசி
• கத்தரிக்கோல், அடிமட்டம், கவராயம், பென்சில், மை தீர்ந்த பேனை
• பசை

கடையில் விற்கும் வெள்ளைப் பசை விரைவில் காயும். வீட்டிலும் பசை காய்ச்சலாம். ஒரு பங்கு கோதுமை மாவை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு நீர் வரும்படி சேர்த்து, மெல்லிய நெருப்பில் துழாவிக் கொண்டே காய்ச்ச வேண்டும். வெண்மை மாறிக் கண்ணாடித் தன்மை வந்ததும் இறக்கலாம். இரண்டு நாளில் புளித்து விடும் என்பதால் அன்றன்றைய தேவைக்கே காய்ச்சவும். மாப்பசையில் ஈரம் அதிகம். மெல்லியதாகப் பூசாவிட்டால் மட்டை நெளியும். கரப்பானும் தேடி வரும். எனவே விற்பனைக்குச் செய்யும் பூவுக்கு வெள்ளைப் பசையையும், பயிற்சிக்கும் விழா வளைவுகளுக்கும் மாப்பசையையும் பாவிப்பது பொருத்தம்.

3. அறுகோணப் பூச்சாடி

அ. ஏ4 மட்டையின் நீளப் பக்கம் (29.7 சென்ரிமீற்றர்) கிடையாக இருக்கும்படி வைக்கவும். கீழ் விளிம்பிலிருந்து 3 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு கிடைக்கோடு வரையவும். இதற்குக் கீழே உள்ளது அடி மடிப்பு. மேலே உள்ள 18 சென்ரிமீற்றர் சாடியின் உயரம்.

ஆ. இடப்பக்கத்தில் ஒட்டுவதற்கு 1.5 சென்ரிமீற்றர் விட்டு, அதன் பின் 4.5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஆறு முகங்கள் வருமாறு நிலைக்கோடுகள் வரையவும். ஆறு முகங்களும் 27, ஒட்டும் பகுதியுடன் 28.5 சென்ரிமீற்றர். மிகுதியை வெட்டி எடுக்கவும்.

இ. எல்லாக் கோடுகளின் மீதும் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்திக் கீறவும். மட்டை வெட்டுப்படக் கூடாது. பள்ளம் மட்டும் விழ வேண்டும். மடிக்கும்போது இந்தப் பள்ளம் வெளிப்புறம் இருக்கட்டும். அப்போது மடிப்பு வெடிக்காது.

ஈ. கீழே உள்ள 3 சென்ரிமீற்றர் பகுதியில் நிலைக்கோடுகள் வழியே கிடைக்கோடு வரை வெட்டவும். ஆறு தட்டுகள் கிடைக்கும். உள்ளே மடியும்போது ஒன்றோடொன்று முட்டாதபடி அவற்றின் ஓரங்களைச் சரித்து வெட்டவும். ஒட்டும் பகுதியின் கீழ்த்துண்டை நீக்கி விடவும்.

உ. பூவேலைப்பாடு, துளை, நிறக் கோடு எதுவாயினும் மடிக்கும் முன்பே செய்ய வேண்டும். மடித்த பின் கை உள்ளே போகாது.

ஊ. முகங்களை மடித்து, ஒட்டும் பகுதியில் பசை பூசி ஆறாவது முகத்தின் உட்புறம் சேர்க்கவும். அடிமட்டத்தை உள்ளே விட்டு அழுத்தி, உடுப்புக் கிளிப் போட்டுக் காய விடவும்.

எ. அடித்தட்டுக்கு 4.5 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் வரையவும். கவராயத்தின் அளவை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் எட்டு வைத்துச் சென்றால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை இணைத்தால் 4.5 சென்ரிமீற்றர் பக்கமுள்ள அறுகோணம். ஒழுங்கான அறுகோணத்தின் பக்கமும் அதைச் சுற்றிய வட்டத்தின் ஆரையும் சமம் என்பதே இதன் காரணம். பாடசாலைப் பிள்ளைகள் கணித பாடத்தில் படிப்பதை இங்கே கையால் கண்டு கொள்வர். தட்டுகளை உள்ளே மடித்துப் பசை பூசி இந்த அறுகோணத்தின் மேல் சாடியை நிறுத்தவும். 4.3 சென்ரிமீற்றர் ஆரையில் இன்னொரு அறுகோணம் வெட்டி, வாய் வழியாக உள்ளே இறக்கி ஒட்டினால் அடி உறுதியாகும்.

ஏ. இத்தனை அளவுள்ள மட்டையின் நிறை பத்துப் பன்னிரண்டு கிராம் மட்டுமே. பூ வைத்ததும் சரிந்து விடும். எனவே ஒரு தேநீர்க் கோப்பை உலர்ந்த மணலைச் சிறு பையில் கட்டி அடியில் வைக்கவும். அதன் மேல் வைக்கோலை இறுகக் கட்டிச் செங்குத்தாகச் செருகினால், ஈர்க்குத் தண்டுகள் வைத்த இடத்திலேயே நிற்கும்.

4. பூக்கள்

சுருள் ரோசா: 9.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் வெட்டவும். வெளி விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1.2 சென்ரிமீற்றர் அகலமான நாடாவாக, நத்தைக் கூடு போல உள்நோக்கிச் சுற்றி வெட்டிச் செல்லவும். நடுவில் 2 சென்ரிமீற்றர் வட்டத்தை விட்டு நிறுத்தவும். நாடாவின் வெளிப்புற ஓரத்தை அலை அலையாகக் கத்தரித்தால் இதழ் போல் தோன்றும். வெளி முனையிலிருந்து ஓர் ஈர்க்கில் இறுகச் சுற்றத் தொடங்கி, போகப் போகத் தளர்த்திச் சுற்றவும். ஈர்க்கை உருவி விரலைச் சற்றுத் தளர்த்தினால் சுருள் தானே விரிந்து மலரும். நடு வட்டத்தில் பசை பூசிச் சுருளை அதன்மேல் இருத்தி, காயும் வரை பிடித்துக் கொள்ளவும்.

இங்கே அளவின் பயனைக் கவனியுங்கள். 10 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டினால் ஒரு ஏ4 தாளில் நான்கு பூக்களே வரும். 9.5 சென்ரிமீற்றராகக் குறைத்தால் ஆறு வரும். அரைச் சென்ரிமீற்றர் குறைவது பூவின் அழகில் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் மூன்று தாள் செலவாகும் வேலை இரண்டு தாளில் முடியும்.

அலரி: ஐந்து தனித்தனி இதழ்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலம், நீர்த்துளி வடிவம். அடியில் ஒரு சென்ரிமீற்றர் கீறி, கீறலின் இரு பக்கங்களையும் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் இதழ் குழிந்து உயிர் பெறும். இதழின் நுனியைக் கத்தரிக்கோலின் முதுகால் இழுத்து வளைக்கவும். பின்னர் ஒவ்வோர் இதழும் அடுத்ததன் பாதியை மூடுமாறு ஒரே திசையில் சுற்றி ஒட்டவும். மரத்தில் உள்ள பூவைப் பறித்து வைத்துப் பார்த்தால் இதழ்கள் அவ்வாறே ஒரு திசையில் அடுக்கப்பட்டிருப்பது தெரியும். வெள்ளை மட்டையில் செய்து நடுவில் மஞ்சள் நிறத்தைப் பஞ்சால் ஒற்றவும். ஒரு தாளில் 35 இதழ், அதாவது ஏழு பூ.

செவ்வந்தி: இதற்கு மட்டை வேண்டாம். 80 கிராம் நிறக் கடதாசியே போதும். தாளை நீளவாக்கில் 4 சென்ரிமீற்றர் அகல நாடாக்களாக வெட்டவும். ஒரு தாளில் ஐந்து வரும். ஒவ்வொரு நாடாவிலும் 3 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டாக, ஒரு சென்ரிமீற்றர் அடியில் மிஞ்சும்படி சீப்புப் போல வெட்டி, இரண்டு நாடாக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஈர்க்கில் சுற்றி ஒட்டவும். காய்ந்த பின் இழைகளைக் கத்தரிக்கோல் முதுகால் வெளிநோக்கி வளைக்கவும்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் தடித்த மட்டையில் ஒரு மாதிரி அச்சு வெட்டி, அளவை அதன்மேல் எழுதிக் குழுவிடம் வைத்திருக்க வேண்டும். பத்துப் பேர் செய்த பூக்களும் ஒரே அளவாக இருந்தால்தான் கடைக்காரர் மறுமுறையும் கேட்பார்.

5. தண்டும் இலையும்

ஈர்க்கின் தடித்த பாதியை எடுத்து, ரோசாவின் நடு வட்டத்தில் துளையிட்டுப் பசையுடன் செருகவும். கிறேப் கடதாசியை ஒரு சென்ரிமீற்றர் நாடாவாக வெட்டி, இழுத்துக் கொண்டே சரிவாகச் சுற்றி வரவும். பாதி வழியில் இலைக் காம்புகளையும் சேர்த்துச் சுற்றவும். இலை 7 சென்ரிமீற்றர் நீளம், 3.5 சென்ரிமீற்றர் அகலம். பாதி ஏ4 தாளில் 12 இலை வரும். ஆறு பூவுக்கு இரண்டிரண்டாகச் சரியாக இருக்கும். நடு நரம்பையும் பக்க நரம்புகளையும் மை தீர்ந்த பேனையால் கீறி மெதுவாக மடித்து விட்டால் இலை தட்டையாகக் கிடக்காது.

அடுக்கும்போது, உயரமான பூ சாடியின் வாயிலிருந்து சாடி உயரத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதிருக்கட்டும். எமது சாடிக்கு அது 27 சென்ரிமீற்றர். உயர்ந்தவை நடுவிலும் குட்டையானவை ஓரத்திலும் நிற்கட்டும்.

6. பாதுகாப்பு

கடதாசிப் பூவுக்கு வெயில், ஈரம், நெருப்பு ஆகிய மூன்றும் பகை. நேர் வெயில் படும் யன்னலோரத்தில் நிறம் வெளிறும். வாடைக்காற்று மழைக் காலத்தில் இதழ் தொய்யும். ஆதலால் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை செய்பவற்றை மூடியுள்ள பிஸ்கற் பேணியில் வைக்கவும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டவும். ஈரத்துணி கூடாது.

நெருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீடத்து மெழுகுதிரி, குத்துவிளக்கு, சூடேறும் மின்குமிழ் எதற்கும் அருகில் இப்பூக்களை வைக்கக் கூடாது. வாங்குவோரிடமும் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

7. கணக்கு

இனிக் கொப்பியை எடுத்துக் கொள்வோம். கீழே உள்ள விலைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக் கொண்டவை. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே செய்து பாருங்கள்.

சாடி ஒன்றுக்கும் ஆறு ரோசாவுக்கும் மட்டை இரண்டரை. ஒன்று 40 ரூபா எனில் 100 ரூபா. பசை, கிறேப் கடதாசி முதலியன 40 ரூபா. பொருட் செலவு 140 ரூபா.

நேரம்: சாடிக்கு 40 நிமிடம், ஆறு ரோசாவுக்கு 60 நிமிடம், தண்டு, இலை, அடுக்குதல் 50 நிமிடம். மொத்தம் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணித்தியாலம்.

இதனை 300 ரூபாவுக்கு விற்றால் கையில் 160 ரூபா மிஞ்சும். இலாபம் என்று மகிழ்கிறோம். ஆனால் அந்த 160 ரூபாவை இரண்டரையால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 64 ரூபா. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கப் போகும் அதே சகோதரி இந்தக் கூலிக்குச் சம்மதிப்பாரா? வீட்டில் இருந்தபடி, பிள்ளையைப் பார்த்தபடி செய்வதால் அந்த நேரத்துக்கு விலை இல்லை என்று அவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். அடுப்படியில் செய்தாலும் வேலை வேலையே. அதற்குக் கூலி உண்டு.

மணித்தியாலத்துக்கு 150 ரூபா எனக் குழு தீர்மானித்தால் கூலி 375 ரூபா. பொருளுடன் 515 ரூபா. பழுதுக்கும் போக்குவரத்துக்கும் 50 ரூபா சேர்த்தால் 565 ரூபா. இதற்குக் கீழே விற்பது எமது உழைப்பில் ஒரு பகுதியை இலவசமாகக் கொடுப்பதாகும். சந்தை அவ்வளவு தராவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேரத்தைக் குறைப்பது. ஒருவர் அச்சு வைத்து வரைய, இருவர் வெட்ட, இருவர் சுருட்ட, ஒருவர் ஒட்ட என வேலையைப் பிரித்தால் நேரம் குறையும். ஆனால் எல்லா வேலையையும் எல்லோரும் முதலில் கற்றிருக்க வேண்டும். வெட்டத் தெரிந்த ஒருவர் வராத நாளில் வேலை நிற்கக் கூடாது. மற்றது, சாடியின்றித் தனிப் பூவாக, சிறு கொத்தாக விற்பது. எந்த வழியாலும் கூலி கட்டாவிட்டால் அதை விற்பனைக்குச் செய்யாமல் வீட்டு அழகுக்கு மட்டும் செய்வதே புத்தி.

இத்தொழிலைத் தொடங்கக் கடன் எடுக்க வேண்டாம் என்பதையும் வலியுறுத்துகிறோம். வாராந்த நுண்கடன் எத்தனை குடும்பங்களை வாட்டியது என்பதை எமது மாவட்டங்கள் அறியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. கத்தரிக்கோலும் கவராயமும் குழுவுக்குப் பொதுவாக இருந்தால், ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தாள் மட்டையுடன் தொடங்கலாம். முதல் விற்பனையில் வந்ததைக் கொண்டு அடுத்த மட்டையை வாங்கலாம். மெதுவாக வளர்ந்தாலும் எவருக்கும் கடன்படாமல் வளரும்.

8. காலம் பார்த்துச் செய்தல்

செய்து வைத்து விட்டு வாங்குபவரைத் தேடினால் பூ தூசி பிடிக்கும். முதலில் ஊரின் விழாக்களை மாதவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நவராத்திரி, நத்தார், பாடசாலைப் பரிசளிப்பு, கலியாண மாதங்கள் எல்லாம் அதில் வரட்டும். தவக்காலத்தில் கத்தோலிக்க ஆலயங்களில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை. நான்காம் ஞாயிறும் அக்காலத்தில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே அந்த வாரங்களில் ஆலயங்களின் கேள்வி இராது. அதைப் பயிற்சிக்கும் மட்டை சேர்க்கவும் பயன்படுத்தலாம். கோயிற் பூசைக்கு உயிர்ப்பூவே வேண்டும். எமது பூவுக்கு உரிய இடம் பந்தலும் மேடையும் வரவேற்பறையும் ஆகும். ஒவ்வொரு விழாவுக்கும் ஆறு வாரம் முன்னதாக மாதிரி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, விலை பேசி, முற்பணம் பெற்ற பின்பே மட்டையை வெட்டத் தொடங்குங்கள்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. எமது வீடுகளில் ஒரு மாதத்தில் வீணாகும் மட்டை எவ்வளவு? அதை யார் சேர்ப்பது, எங்கே வைப்பது?

2. நாம் இதுவரை விற்ற ஏதாவது ஒரு கைப்பணிப் பொருளை எடுத்து, பொருட் செலவைக் கழித்து, செலவான மணித்தியாலங்களால் வகுத்துப் பார்ப்போம். கிடைத்த கூலி எவ்வளவு?

3. ஒரு மணித்தியால வேலைக்கு எமது குழு என்ன கூலி தீர்மானிக்கிறது? அதற்குக் குறைவாக விற்பதில்லை என்று எல்லோரும் உடன்படுகிறோமா?

4. அடுத்த மூன்று மாதங்களில் எமது ஊரில் வரும் விழாக்கள் எவை? மாதிரியுடன் யாரிடம், யார் போவது?